ஏழாம் எண் ரத்தம்

பூச்சியக்கா என்ற பெயரை வைத்தது தம்பிதான். மலேரியாக் கிருமி பூச்சி இல்லை, அது ஒற்றை உயிரணு, அதைச் சுமந்து திரிகிற கொசுதான் பூச்சி என்று அவள் பத்துத் தடவையாவது விளக்கியிருப்பாள். "சரி பூச்சியக்கா" என்று தலையாட்டுவான். ஒரு நாள் லேப் வாசலில் நின்றுகொண்டு அவன் அப்படியே சத்தமாகக் கூப்பிட்டு வைக்க, அன்றிலிருந்து அங்கேயும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷ சர்வீஸ், கையில் ஒரு முதுகலைப் பட்டம், பெயர் பூச்சியக்கா.

அவள் வேலை கிருமி வளர்ப்பது. படுத்த வாக்கில் அடுக்கிய தட்டையான குப்பிகளில் மனித ரத்தம் மெல்லிசாக ஒரு படலம் போலக் கிடக்கும். அதற்குமேல் இளஞ்சிவப்பாக ஊட்டத் திரவம். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், தினமும் திரவத்தை மாற்ற வேண்டும். ஞாயிறு, விடுமுறை, காய்ச்சல், தலைவலி எதையும் கிருமி மதிக்காது. கைக்குழந்தைக்காரிகூட யாரிடமாவது பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவாள், இவளால் அதுவும் முடியாது. கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிருமிக்கு ஊட்டிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள். அதுதான் அவளுக்கு வாரம்.

மலேரியாக் கிருமிகளில் பெரும்பாலானவை ரத்த அணுவுக்குள் புகுந்து, பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த அணுவுக்குள் புகும். வேறு வேலை தெரியாது. நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் பாதை மாறும். பெருகுவதை நிறுத்திவிட்டு ஆண் என்றும் பெண் என்றும் மெல்ல மெல்ல உருமாறும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பிறைநிலா மாதிரி வளைந்திருக்கும். கொசு ரத்தம் குடிக்கும்போது அதன் வயிற்றில் பிழைத்து அடுத்த மனிதனுக்குப் போகிறவை இந்தப் பிறைகள் மட்டுமே. இந்த உருமாற்றத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆகும். எந்த நாளில் எந்தப் புரதம் முளைக்கிறது, எது மறைகிறது என்று தெரிந்தால் எங்கே கை வைத்து நிறுத்தலாம் என்று தெரியும். மேடத்தின் ஆராய்ச்சி அதுதான். லேபின் தலைவியை எல்லாரும் மேடம் என்றே சொல்வார்கள். அதட்டிப் பேச மாட்டார். எதையும் இரண்டாம் தடவை சொல்லவும் மாட்டார்.

பூச்சியக்கா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிருமியை எடுத்துக் கழுவி, உடைத்து, உள்ளே இருக்கிற புரதங்களை ஒரு நொதி விட்டுத் துண்டுகளாக்கி, கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே புரதத் துண்டுகளை எடை போடுகிற இயந்திரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள மெஷின்காரர் இருந்தார். அறையை எப்போதும் குளிர வைத்திருப்பதால் கோடையிலும் கழுத்தில் மப்ளர். துண்டுகளின் எடையைப் பட்டியலோடு ஒப்பிட்டு இது இன்ன புரதம், இவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். கிருமியின் புரதம் ஒரு ஷீட்டில் வரும். கிருமி குடியிருந்த மனித ரத்தத்தின் புரதம் இன்னொரு ஷீட்டில் வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் குப்பை ஷீட். வந்ததும் ஒதுக்கிவிடுவார்கள். யாரும் திறப்பதில்லை.

ரத்தம் வெளியிலிருந்து வர வேண்டும். ஓ பிரிவு ஆட்கள், ஆரோக்கியமானவர்கள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்து கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெயர் ஃபார்மோடு நின்றுவிடும், லேபுக்குள் எண் மட்டுமே வரும். ஏழாம் எண் அவளுடைய தம்பி. அதை லேபில் அறியாதவர் கிடையாது, ஆனால் எல்லாரும் அறியாத மாதிரி ஏழு ஏழு என்றே பேசுவார்கள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவளைவிட எட்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, தலை வாரிவிட்டதெல்லாம் இவள்தான். வியாழக்கிழமை மதியம் கம்பெனிச் சட்டையோடு, நகக்கண்ணில் கிரீஸோடு வந்து நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டுவான்.

"இன்னிக்கு எத்தனை பேருக்குப் பந்தி?"

"ஒரு முப்பது கோடி பேருக்கு."

"அடேயப்பா. என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பேர் வரலையே."

அவன் ரத்தத்தில் கிருமி அப்படி வளர்ந்தது. மற்ற எண்களில் ஆயிரத்து எழுநூறு வகைக் கிருமிப் புரதம் வந்தால் ஏழில் இரண்டாயிரத்து நூறு வரும். ஒரு மீட்டிங்கில் மேடமே சொன்னார்: "ஏழை மட்டும் விட்டுடாதீங்க." அன்றைக்குப் பூச்சியக்காவுக்கு ஏதோ தன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னாள். தம்பி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். அவன் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். "கிருமிக்கு ருசியா இருக்குன்னா அதுக்கு இவ்ளோ பெருமையா?" என்று அவள் சிரித்தாள்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு ஏழாம் எண்ணின் கணக்கு இறங்க ஆரம்பித்தது. இரண்டாயிரத்து நூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரமானது. அடுத்த மாதங்களில் ஆயிரத்து அறுநூறு. பூச்சியக்கா முதலில் தன் கையைச் சந்தேகப்பட்டாள். நொதியை மாற்றினாள், குழாயை மாற்றினாள், அணுக்களை மூன்று தடவைக்குப் பதில் ஐந்து தடவை கழுவினாள். ஒன்றும் நடக்கவில்லை. மெஷின்காரர்தான் குப்பை ஷீட்டைத் திறந்து காட்டினார்.

"இங்க பாருங்க. மனுஷனோட ஆன்டிபாடி ஒன்னு முன்வரிசையில வந்து உக்காந்துக்குது. லாம்டான்னு ஒரு வகை. மெஷின் சத்தமா பேசுறவனைத்தான் கேக்கும். மெதுவா பேசுற கிருமிப் புரோட்டீன் எல்லாம் அமுங்கிப் போகுது."

"எல்லா நம்பர்லயும் இப்படியா?"

"இல்ல. உங்க ஏழுல மட்டும். மாசாமாசம் கூடிக்கிட்டே வருது."

மாசாமாசம் கூடிக்கிட்டே வருது என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. பின்னால் அந்த வாசகத்தை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அன்று அவளுக்குத் தோன்றியதெல்லாம், அடுத்த மாதம் மேடம் கருத்தரங்கில் பேச வேண்டும், பத்தாம் நாள் புரதப் பட்டியல் இன்னும் தேறவில்லை என்பது மட்டுமே.

மீட்டிங்கில் அந்த விஷயம் நாலு நிமிஷம்தான் எடுத்தது. மேடம், பூச்சியக்கா, மெஷின்காரர், இன்னும் ஒரு ஆராய்ச்சியாளர். நாலு பேருமே புரதத்தைப் படித்தவர்கள். ஒரே ஒரு ஆன்டிபாடி ஒரு மனிதன் உடம்பில் இப்படி ஏறிக்கொண்டே போனால் அது எதைக் குறிக்கும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் நாலு பேரும் சரியாக எழுதியிருப்பார்கள். மேடம், "சரி, ஏழை நிறுத்திட்டு பன்னெண்டை எடுத்துக்கங்க" என்றார். பூச்சியக்கா நோட்டில் எழுதினாள்: கொடையாளர் 7, பொருத்தமில்லை, நிறுத்தம்.

அந்த ஞாயிறு தம்பியிடம் சொன்னாள்.

"இனிமே நீ வர வேணாம்டா."

"ஏன், அதுங்களுக்கு வயிறு நிறைஞ்சிருச்சா?"

"உன் ரத்தம் இப்போ அழுக்கா வருது. மெஷின் திணறுது."

"அழுக்கா?"

"அப்படி இல்லடா. எங்க வேலைக்குத் தோதுப்படல. அவ்ளோதான்."

சிரித்தான். ஆனால் அன்று சீக்கிரமே எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டான். "இப்பல்லாம் இப்படித்தான் அண்ணி, வேலைய விட்டு வந்தா படுக்கை, எழுந்தா வேலை" என்றாள் டீச்சர். "வயசாகுதுல்ல" என்றாள் பூச்சியக்கா. அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு. கொஞ்ச நாள் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், மலேரியாவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆள் நான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதுகு வலிக்கிறது என்றும் சொன்னான். லிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் யாருக்கு வலிக்கும்? வலி மாத்திரையைப் பையிலேயே வைத்திருந்தான்.

பதினோரு மாதம் கழித்து ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில், இரும்பு மூடி ஒன்றைத் தூக்கும்போது அவன் முதுகில் ஏதோ நொறுங்கியது. கூட இருந்தவன் அந்தச் சத்தத்தைக் கேட்டானாம். பதினெட்டு மாடி. அவனைக் கீழே கொண்டுவர லிஃப்டை முதலில் ஓட வைக்க வேண்டியிருந்தது. தரையில் படுத்தபடியே எந்த ஒயரை எங்கே சேர்க்க வேண்டும் என்று தம்பிதான் சொல்லிக்கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு கணு அமுங்கிப் போயிருந்தது. முப்பத்தொன்பது வயதில் எலும்பு இப்படி உதிரக் கூடாதே என்று ரத்தமும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் பூச்சியக்காவையும் டீச்சரையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசினார்.

"எலும்பு மஜ்ஜையில ஒரு வகை கேன்சர். ஆன்டிபாடி உற்பத்தி பண்ற செல் ஒன்னு கட்டுக்கு மீறிப் பெருகிடுது. ஒரே மாதிரி ஆன்டிபாடியை கொட்டிக்கிட்டே இருக்கும். அது எலும்பை அரிக்கும், கிட்னியை அடைக்கும். இவருக்கு கிட்னியும் பாதிக்கு மேல போயிருக்கு. வலி மாத்திரை வேற நிறைய போட்டிருக்காரு."

டீச்சருக்குக் கேன்சர் என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவும் கேட்கவில்லை. பூச்சியக்கா கேட்டாள்.

"என்ன வகை? லாம்டாவா?"

டாக்டர் பேப்பரைப் பார்த்தார். "ஆமா. நீங்க மெடிக்கலா?"

"இல்ல" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. கிருமிக்கு ஊட்ட எப்படியும் போகத்தான் வேண்டும். மதியம் மெஷின்காரருக்குப் போன் செய்து, கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டாள். ஏன் என்று கேட்காமல் வந்தார். கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்களைத் திறந்தார்கள். ஏழாம் எண் ரத்தம் மொத்தம் நாற்பத்தோரு தடவை மெஷினுக்குள் போயிருந்தது. ஒவ்வொன்றின் குப்பை ஷீட்டும் பத்திரமாக இருந்தது. அவர் லாம்டாவை மட்டும் எடுத்து வரிசையாகப் போட்டார். முதல் இருபத்தேழு தடவை கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இருபத்தெட்டில் லேசாகத் தலை தூக்கியது. பிறகு படிப்படியாக, எந்த இடத்திலும் சறுக்காமல் ஏறியது. கடைசிப் புள்ளிக்கு அப்புறம் ஒன்றுமில்லை. அங்கே அவள் நிறுத்தம் என்று எழுதிவிட்டாள்.

"இருபத்தெட்டு எப்போ?" என்று கேட்டாள்.

"இருபது மாசத்துக்கு முன்னாடி."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு சுத்தமான கோடு கிருமிப் புரதம் எதிலும் அவர்களுக்கு வந்ததில்லை.

"காட்டினது நான்" என்றார் மெஷின்காரர் கடைசியில். "என் வேலை அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்."

அவருக்கு ஆறுதல் சொல்கிற நிலையில் அவள் இல்லை, அவர்மீது கோபப்படுகிற யோக்கியதையும் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் வார்டில் அவன் மட்டும் தனியாக இருந்தான். டீச்சர் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தாள். பூச்சியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். குப்பை ஷீட், லாம்டா, நாலு நிமிஷ மீட்டிங், எல்லாம். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த அழுக்கு இதுதானா?"

"ஆமாடா."

"எப்போலேர்ந்து?"

சொன்னாள். அவன் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டான்.

"அப்போ அந்தப் பழைய ஓட்டல்ல மூணு லிஃப்டைக் கழட்டி மாட்டினோம். கயித்தை நானே தோள்ல சுமந்து ஏத்தினேன். தெரிஞ்சிருந்தா ஏத்தியிருக்க மாட்டேன்."

"எனக்குத் தோணவே இல்லடா. சத்தியமா தோணல. உன்னை ஏழுன்னு நெனச்சேன். பழகிப்போச்சு."

"ம்."

சொட்டு சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளி ரேடியோவைத் தட்டி ஓட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் என்கிட்ட சொன்ன?" என்றான் தம்பி.

"உனக்குத் தெரியணும்ல."

"எதுக்கு? தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? நோய் வந்துச்சு, விதின்னு கிடந்தேன். இப்போ பாரு, இதை வேற சேத்துப் படுத்துக்கணும்." குரலை உயர்த்தவே இல்லை. "உன் மனசு தாங்கல, அதான் சொல்லிட்ட. இப்போ லேசாயிருச்சா?"

"இல்ல."

"அப்போ ரெண்டு பேருக்குமே நஷ்டம்."

அவள் அழுதாள். அவன் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, டீச்சர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் வேகமாகச் சொன்னான்.

"அவகிட்ட இதைச் சொல்லாத. இன்னிக்கும் சரி, நான் போனப்புறமும் சரி. இந்த ஊர்ல அவளுக்குன்னு ஒரு மனுஷி நீதான் இருக்க. உன்னையும் வெறுத்துட்டா அவ எங்க போவா? புரியுதா?"

"புரியுது."

டாக்டரிடம் ஒரு நாள் தனியாகக் கேட்டாள், இருபது மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. ஒன்றும் மாறியிருக்காது என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினாள். அவர் நேர்மையான ஆள். "நோய் போயிருக்காது. ஆனா முதுகு உடையாம பாத்திருக்கலாம். கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம். அது ரெண்டும் இருந்தா மருந்து இன்னும் நல்லா கொடுக்கலாம். சில பேர் பத்து வருஷம்கூட ஓட்டுறாங்க" என்றார்.

பூச்சியக்கா ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி மேடத்திடம் கொடுத்தாள். கொடையாளர் ரத்தத்தில் மனிதப் புரதம் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக ஏறினால் அந்த எண்ணின் ஆளுக்குச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு."

"மேடம், இன்னும் பதினோரு பேர் நமக்கு ரத்தம் கொடுக்கிறாங்க."

"தெரியும். ஆனா நாம டாக்டர் இல்ல. அவங்க கையெழுத்துப் போட்ட ஃபார்ம்ல, இந்த ரத்தத்தை வெச்சு உங்க உடம்பைப் பத்தி எதையும் பாக்க மாட்டோம்னுதான் எழுதியிருக்கோம். நாளைக்கு ஒருத்தருக்கு நோய் இருக்குன்னு தப்பாச் சொல்லிட்டா? இன்னொருத்தருக்கு சொல்லாம விட்டுட்டா?"

"விட்டுட்டோமே மேடம்."

மேடம் குறிப்பை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புறேன். அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார். அனுப்பவும் செய்தார். அவர்மேல் குற்றம் சொல்ல அதிலும் ஒன்றுமில்லை.

நெறிமுறைக் குழு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. அவளை ஒரு முறை கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொல்ல வைத்து விசாரித்தார்கள். ஏழாம் எண் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை அனுமதியில்லாமல் அந்த ஃபைல்களை ஏன் திறந்தாள்? கொடையாளரின் உடல்நலத் தகவலை அவரிடம் போய்ச் சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது? ஒவ்வொரு கேள்வியும் விதிப்படி சரியாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் உள்ளதைச் சொன்னாள். முடிவு எழுத்தில் வந்தது. அவளுக்கும் மெஷின்காரருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். கூடவே கொடையாளர்களின் நலன் கருதி ஒரு புதிய விதி. இனிமேல் மனிதப் புரதங்களைத் தனி ஷீட்டில் சேமிக்கக் கூடாது, யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரே அழித்துவிட வேண்டும். பழைய ஷீட்டுகளையும் அழித்தார்கள். மெஷின்காரர் அந்தப் பட்டனை அழுத்தும்போது அவளைக் கூப்பிடவில்லை. முடிந்தபிறகு மேலே வந்து, "ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு வராது. கிருமிகளும் அவளுக்காகக் காத்திருந்தன.

ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த வருஷம் நல்ல பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. உருமாற்றத்தின் பன்னிரண்டு நாளுக்கும் புரத அட்டவணை. நாலாம் நாள் முளைத்து ஆறாம் நாள் மறைகிற ஒரு புரதத்தை அடைத்தால் பிறைகளில் ஆணே உருவாவதில்லை என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். மேடத்துக்குப் பாராட்டு குவிந்தது. பெயர் வரிசையில் பூச்சியக்கா மூன்றாவது. அவள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்கப் போனாள். அப்போது அவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் இடுப்புப் பட்டையோடு சாய்வாக உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றான்.

அவள் பக்கத்தைத் திருப்பி நாலாம் நாள் கட்டத்தைக் காட்டினாள். "இந்த வரிசை முழுக்க உன் ரத்தத்துல வளர்ந்ததுதான். முதல் வருஷம் கொடுத்தது."

"அழுக்காகறதுக்கு முன்னாடி."

"ஆமா."

அதே பக்கத்தில் இருந்த கிருமிப் படத்தைப் பார்த்தான். ஊதா நிறத்தில் பிறைகள் வளைந்து வளைந்து கிடந்தன.

"நல்லாத்தான் வளத்திருக்க" என்றான். பாராட்டா குத்தலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் எதைச் சொன்னாலும் முகத்தில் தெரிந்துவிடும், அன்று முகத்தில் எதுவும் இல்லை. பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்தப் பேச்சை அவர்கள் மறுபடி எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் போவாள், சாப்பிடுவாள், அவன் டி.வி. பார்ப்பான். அவள் அருகில் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பான், அந்நியருக்குக் கொடுக்கிற மாதிரி.

ஏழு மாதத்தில் போய்விட்டான். கடைசி நாளில் அவனுக்கு நினைவில்லை. அவளிடம் எதையாவது சொல்ல நினைத்திருந்தானா என்றும் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எத்தனை பேர் பாத்தாங்க, எத்தனை பேர் ஓடினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு நாள் விடாம கூட நின்னீங்க. அந்த டாக்டர் சொன்னது எனக்கு ஒன்னும் புரியல. நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

பூச்சியக்கா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

"அவருக்கும் உங்கன்னா உசுரு. ரத்தம் கொடுக்கப் போற அன்னிக்குக் காலைலயே சட்டையை அயர்ன் பண்ணி வெப்பாரு."

இது அவளுக்குத் தெரியாது.

அதற்கப்புறமும் சில ஞாயிறு போனாள். ஒவ்வொரு தடவையும் டீச்சர் அவளுக்கென்று எதையாவது எடுத்து வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தால், "எங்க அண்ணி, அவரைத் தாய் மாதிரி பாத்துக்கிட்டாங்க" என்று சொல்வாள். மகள் மேல்வகுப்பில் அறிவியல்தான் படிக்கப்போகிறேன், அத்தை மாதிரி என்றாள். தட்டில் சோறு அப்படியே இருக்கும். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பயந்து பேசுவதைக் குறைத்தாள். பிறகு போவதைக் குறைத்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை. லேபில் புது வேலை, ஆள் பற்றாக்குறை, கிருமி சரியாக வளரவில்லை. கடைசிக் காரணம் பொய். கிருமி எப்போதும்போல நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது.

ஐந்து மாதம் போகாமல் இருந்த பிறகு ஒரு ஞாயிறு காலை, கையில் குப்பியோடு நிற்கும்போது போன் வந்தது. குப்பியை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி எடுத்தாள்.

"அண்ணி, ஒன்னு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள் டீச்சர்.

"கேளும்மா."

"அவரு இருந்த வரைக்கும் எங்க வீடு உங்க வீடா இருந்துச்சு. அவரு போனதும் நாங்க உங்களுக்கு யாரோ ஆயிட்டோமா? நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமா? பாப்பா தினமும் கேக்குறா. அவளுக்குப் பதில் சொல்ல முடியல."

எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வார்டில் தம்பியிடம் புரியுது என்று ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்தது. எந்த வெறுப்புக்குப் பயந்து அவன் இவள் வாயைக் கட்டினானோ, அது இந்த வழியாகவும் வந்து சேரும் என்று பாவம் அவனுக்குத் தோன்றியிருக்காது.

"வேலை அதிகம்மா" என்றாள். "வேற ஒன்னும் இல்ல."

"சரி அண்ணி. உடம்பைப் பாத்துக்கங்க."

அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து போன் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து, மகளை விடுதியில் சேர்த்துவிட்டு டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூரில் தன் அக்காவோடு போய் இருக்கிறாள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். "நாத்தனார்காரி எட்டிக்கூடப் பாக்கலையாமே, தம்பி கண்ணை மூடினதும் அறுத்து விட்டுட்டாங்களாமே" என்று அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பூச்சியக்கா ஆமாம் என்றாள்.